டேப்பில் அன்டூ கிடையாது

பங்க் ராக்கின் கிளைகளான கராஜ் பங்க், போஸ்ட் பங்க் என்று எதையாவது போட்டுக் காட்டினால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது ஏன் இவ்வளவு மோசமாகப் பதிவாகியிருக்கிறது என்பதுதான். ஒருவர் ஹெட்போன் ஒயரைக் கழற்றி மறுபடி சொருகிப் பார்த்தார். நியாயமான சந்தேகம்தான். ஒரு லேப்டாப்பும் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் வீட்டிலேயே சுத்தமாகப் பதிந்துவிட முடிகிற காலத்தில், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருபது முப்பது வயதுக்காரர்கள் பழைய கேசட் மெஷினைத் தேடிப்பிடித்து, கரகரவென்று, பாடுகிற வரி பாதி புரியாமல், ஒன்றரை நிமிடத்தில் முடிகிற பாட்டாக ஏன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்? சும்மா ஸ்டைலுக்கு என்று ஒரு பதில் இருக்கிறது. பாதி நேரம் அது சரியான பதிலும்கூட. மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்வீப்பிங் பிராமிசஸில் ஆரம்பிக்கலாம். லிரா மோண்டல், காஃபீல்ட் ஷ்னக் என்ற இருவர்தான் அடிப்படையில் இந்த பேண்ட். முதல் ஆல்பமான 'ஹங்கர் ஃபார் எ வே அவுட்' 2020 ஆகஸ்டில் ஃபீல் இட் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) வழியாக வந்தது. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம், மேடை ஏறி ஒரு கச்சேரிகூட வாசிக்க முடியாத நேரம். அப்படியும் வாய்வழியாகவே அந்த ஆல்பம் பரவியது. பாஸ்டனில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கான்கிரீட் ஆய்வுக்கூடத்தில் ஒற்றை மைக் வைத்துப் பதிந்த ஆல்பம் அது. கான்கிரீட் அறை என்றால் சுவரெல்லாம் எதிரொலி. டிரம்ஸை ஒரு தட்டுத் தட்டினால் அந்தச் சத்தம் நாலு பக்கமும் போய் மோதித் திரும்பி வரும். ஸ்டூடியோக்காரர்கள் இதைத் தவிர்க்கத்தான் நுரையும் கம்பளமும் ஒட்டி, டிரம்ஸ் செட்டுக்கு மட்டும் எட்டு பத்து மைக் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி டிராக்கில் பிடிக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து, ஸ்னேர் கொஞ்சம் கூட்டு, சிம்பலைக் குறை என்று வாரக்கணக்கில் நோண்டலாம்.

ஒற்றை மைக்கில் அந்த வசதி கிடையாது. டிரம்ஸ் அதிகமாகக் கேட்கிறது என்றால் ஒன்று மைக்கைத் தள்ளி வைக்க வேண்டும், இல்லை மெதுவாக அடிக்க வேண்டும். யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் அங்கே மிக்ஸிங். பதிவு முடிந்த பிறகு ஸ்னேரை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துத் திருத்த முடியாது. பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மறுபடி வாசிக்க வேண்டும். அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். பேஸ் முன்னால் வந்து நிற்கிறது, கித்தார் பின்னால் எங்கோ சுவர் ஓரமாக ஒலிக்கிறது, லிராவின் குரல் அந்த எதிரொலியையே மிதித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. இதை இன்னும் 'நன்றாக'ப் பதிந்திருக்கலாமே என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. அந்த அறையை எடுத்துவிட்டால் பாட்டில் பாதி போய்விடும்.

பிறகு அவர்கள் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்து, முன்பு ஓவியக்கூடமாக இருந்த இடத்தை ஸ்டூடியோவாக்கி, 2023-இல் 'குட் லிவிங் இஸ் கமிங் ஃபார் யூ' கொண்டுவந்தார்கள். இந்த முறை ஃபீல் இட்டோடு சப் பாப் என்ற லேபிளும் சேர்ந்துகொண்டது. அறை மாறியதும் சத்தமும் மாறிவிட்டது, இன்னும் கொஞ்சம் பளபளப்பு, இன்னும் கொஞ்சம் நெருக்கடி. இரண்டில் எனக்கு முதல் ஆல்பம்தான்.

சரி, கேசட்டுக்கு வருவோம். நம்மில் பலருக்குக் கேசட் என்றால் ஏ சைடு, பி சைடு. நாடாவின் அகலத்தில் நான்கு கோடுகள் இருக்கின்றன. இரண்டு ஏ சைடுக்கு, இரண்டு பி சைடுக்கு. திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் ஓடும். 1979-இல் டியாக் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144 செய்த தந்திரம், அந்த நான்கு கோடுகளையும் ஒரே திசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதிய விட்டதுதான். நாடாவின் வேகத்தையும் இரட்டிப்பாக்கினார்கள், சத்தம் கொஞ்சம் தேறியது. மேஜை மேல் வைக்கிற அளவில் ஒரு ஸ்டூடியோ. டிரம்ஸ் ஒன்று, பேஸ் ஒன்று, கித்தார் ஒன்று, குரல் ஒன்று.

ஆனால் நான்கு போதாது, எப்போதும் போதாது. ஒரு கீபோர்டு வேண்டும், இன்னொரு கித்தார் வேண்டும். அப்போது செய்வதற்குப் பெயர் பவுன்ஸ். மூன்று டிராக்கில் இருப்பதை மொத்தமாகக் கலந்து நான்காவதில் பதிந்துவிட்டு, காலியான மூன்றின் மேல் புதிதாக வாசிப்பது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கலந்த அந்தக் கணத்தில் டிரம்ஸும் பேஸும் ஒன்றாகி ஒட்டிக்கொண்டுவிடும், அவற்றின் மேல் புதிதாக வாசித்ததும் மூல டிராக்குகள் அழிந்துபோய்விடும். மூன்று நாள் கழித்து பேஸ் கம்மியாக இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தால் ஒன்றும் நடக்காது. கூடவே ஒவ்வொரு பவுன்ஸுக்கும் நாடாவின் இரைச்சல் ஒரு படி ஏறும், மேல் ஸ்தாயி ஒரு படி மங்கும். ஆகவே இன்னும் மூன்று வாத்தியம் சேர்க்கலாமா என்று யோசிப்பவன், அது நிஜமாகவே வேண்டுமா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். இந்தப் பாட்டுகள் எலும்பும் தோலுமாக இருப்பதற்கு ரசனை எவ்வளவு காரணமோ, அவ்வளவு இதுவும் காரணம்.

இண்டியானாவின் வடமேற்கு மூலையில் இருந்து வந்த தி கோன்ஹெட்ஸ் 2010-களின் நடுவில் இந்த எலும்புக்கூட்டை ஒரு பாணியாகவே மாற்றினார்கள். கித்தாரை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேராக மெஷினில் சொருகினால் வருமே, கம்பி கம்பியாக, சதையே இல்லாத சத்தம், அதுதான் அவர்களுடைய கித்தார். அதன் மேல் நரம்பு புடைத்த வேகம், மூக்கால் பேசுகிற குரல். அக்ரன் நகரத்துப் பழைய பேண்டான டீவோவின் சாயல் வெளிப்படையாகத் தெரியும். அதை அவர்களே மறைக்கவும் இல்லை. 2015-இல் வந்த ஆல்பத்தின் நீளமான தலைப்பிலேயே, மத்திய மேற்கின் அப்பாவி இணையவாசிகளிடம் காசு கறக்க டீவோவைக் காப்பியடிக்கிறோம் என்ற பொருளில் தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டிருப்பார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் எக் பங்க் என்று இப்போது எல்லோரும் சொல்கிற கூட்டம். முதலில் ஒரு மீம் ஜோக்காக வந்த பெயர், அப்புறம் நிஜமாகவே ஒரு வகையின் பெயராக ஒட்டிக்கொண்டது. பார்சிலோனாவின் பிரிசன் அஃபேர், சிட்னியின் கீ டீ என்று எல்லாக் கண்டத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அலுப்பு தட்டுவதும் இங்கேதான். இப்போது வாரம் தவறாமல் புதுசாகப் பத்து எக் பங்க் டெமோ வருகிறது. கார்ட்டூன் முட்டை அட்டைப்படம், டிரம் மெஷின், வேகம் ஏற்றிக் கீச்சிட வைத்த குரல், ஐந்து பாட்டு, ஆறு நிமிடம். கேசட் இரைச்சல்கூட பல நேரம் கேசட்டில் இருந்து வருவதில்லை, கணினியில் ஒரு பிளக்இன் போட்டு வரவழைத்தது. அதில் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரைச்சலைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு பட்டனை அழுத்தி எடுத்துவிடலாம் என்ற நிலையில் போட்டது, பாட்டில் எந்த முடிவையும் எடுக்க வைப்பதில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாற்றலாம் என்று இருக்கிறபோது எதையும் தீர்மானிக்காமலே விட்டுவிடுகிறார்கள். கேட்கும்போது அது தெரிகிறது. எல்லாம் சரியாக இருக்கும், எதுவும் மனதில் நிற்காது.

இந்த விஷயத்தில் பழைய ஆட்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பஸ்காக்ஸ் பேண்ட்காரர்கள் 1976 டிசம்பர் 28-ஆம் தேதி மான்செஸ்டரில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட்டோடு உட்கார்ந்து நான்கு பாட்டைப் பதிந்து, அடுத்த மாதமே 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்று சொந்த லேபிளில் வெளியிட்டார்கள். கடன் வாங்கிய காசு, முதல் அச்சு 1,000 பிரதி. அட்டையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (எத்தனையாவது முயற்சி), அதன்மேல் எத்தனை முறை கூடுதலாகப் பதிந்தோம் என்று எழுதியிருந்தார்கள். 1978-இல் ஸ்கிரிட்டி பொலிட்டி இன்னும் ஒரு படி போய், தட்டு போட எதற்கு எவ்வளவு செலவு என்ற கணக்கையே அட்டையில் அச்சிட்டார்கள். இப்படித்தான் செய்தோம், நீயும் செய் என்பதற்கு அதைவிடத் தெளிவான அழைப்பு எனக்குத் தெரியாது.

அதற்கும் முன்னால் பிரிஸ்பேன். தி செயின்ட்ஸ் 1976-இல் 'ஸ்ட்ராண்டட்' சிங்கிளை ஃபேட்டல் என்று தாங்களே ஒரு பெயர் வைத்து 500 பிரதி போட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தின் எந்த பங்க் பேண்டும் சிங்கிள் வெளியிடுவதற்கு முன்பே. லண்டனில் ஒரு வார இதழ் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய பிறகுதான் ஆஸ்திரேலியாவில் இருந்த பெரிய கம்பெனிக்கே இவர்கள் யார் என்று தெரிந்தது. தூரத்தில் கிடக்கிற ஊரில் இருந்து யாரையும் கேட்காமல் தட்டு போட்டு அனுப்பிவிடுகிற அந்தப் பழக்கம் ஆஸ்திரேலியாவை விட்டுப் போகவே இல்லை என்று நினைக்கிறேன்.

எடி கரண்ட் சப்ரஷன் ரிங் என்ற பேண்ட் உருவான கதை எனக்கு மிகவும் பிடித்தது. மெல்போர்னில் கார்டுராய் என்ற இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலை. 2003 கடைசியில் அங்கே நடந்த கிறிஸ்துமஸ் விருந்தில், ஆலையில் வேலை பார்த்தவர்கள் சும்மா வாசித்துப் பார்க்க, ஒருவர் மைக்கைப் பிடித்துப் பாட, பேண்ட் ஆகிவிட்டது. 2008-இல் வந்த அவர்களுடைய 'பிரைமரி கலர்ஸ்' ஆல்பம் ஆஸ்திரேலியன் மியூசிக் பிரைஸ் வாங்கியது. அந்த பேண்டின் கித்தாரிஸ்ட் மைக்கி யங் பிறகு டோட்டல் கண்ட்ரோல் என்ற பேண்டில் வாசித்தார், அதைவிட முக்கியமாக மாஸ்டரிங், அதாவது பதிந்த பாட்டை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசி வேலை, செய்ய ஆரம்பித்தார். இந்த வட்டாரத்துத் தட்டு எதை எடுத்தாலும் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அவர் பெயர் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. படுக்கையறையில் ஒரு பையன் பதிந்து அனுப்பியதை, அதன் கரகரப்பைச் சுரண்டி எடுக்காமல், ஆனால் ஊசி வைத்தால் துள்ளாமல் ஓடுகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது தனிக் கலை.

அதே மெல்போர்னுக்குப் பக்கத்தில் ஜீலாங். சேலத்தைவிடச் சின்ன ஊர். ஃபோர்டு தொழிற்சாலை 2016-இல் மூடப்பட்ட ஊர். பில்லி கார்ட்னர் நடத்தும் ஆன்டி ஃபேட் ரெக்கார்ட்ஸ் அங்கிருந்துதான் வளர்ந்தது, ஆஸ்மியூட்டன்ட்ஸ் என்ற பேண்டும் அங்கிருந்துதான். அதில் இருந்த ஜேக் ராபர்ட்சன் இப்போது ஏலியன் நோஸ்ஜாப் என்ற பெயரில் வருடத்துக்கு ஒரு வேஷம் கட்டுகிறார். ஒரு ஆல்பம் ஹார்ட்கோர் என்கிற அதிவேக பங்க், 2022-இல் 'ஸ்டெயின்ட் கிளாஸ்' என்று ஏசி/டிசி பாணியில் ஒன்று, 2023-இல் அறுபதுகளின் கராஜ் மாதிரி ஒன்று. எல்லாமே சமமாக நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஹார்ட்கோர் ஆல்பத்தை நான் இப்போதெல்லாம் எடுப்பதே இல்லை. சிட்னிப் பக்கம் போனால் இஷ்கா எட்மீட்ஸ். டீ வீ ரிப்பேர்மேன், சட்டானிக் டோகாஸ், செட் டாப் பாக்ஸ், ரிசர்ச் ரியாக்டர் கார்ப் என்று நீங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து மகிழ்கிற எல்லா பேண்டிலும் கடைசியில் பார்த்தால் அதே ஆள் உட்கார்ந்திருப்பார். டீ வீ ரிப்பேர்மேனின் 2023 ஆல்பம் 'வாட்ஸ் ஆன் டிவி?' மற்றவற்றைவிட இனிமையானது, கரகரப்புக்கு அடியில் சுத்தமான பாப் பாட்டு.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆல்பத்தைக் கையில் கொடு என்றால் ஆர்.எம்.எஃப்.சி.-யின் 'கிளப் ஹிட்ஸ்' கொடுப்பேன். ராக் மியூசிக் ஃபேன் கிளப் என்பதன் சுருக்கம். பஸ் கிளாட்வர்தி என்ற ஒருவரின் கைவேலை. சிட்னிக்குத் தெற்கே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அல்லடல்லா என்ற கடலோர ஊரில், பள்ளியில் படிக்கும்போதே ஆரம்பித்தவர். முதலில் வந்த 'ஹைவ்' பதிவுகளில் எக் பங்கின் படபடப்பு நிறையவே உண்டு. 2023-இல் வந்த 'கிளப் ஹிட்ஸ்' அதைத் தாண்டிவிட்டது. கித்தார்கள் ஒன்றையொன்று முட்டாமல் பின்னுகின்றன, பேஸ் ஒரே சுரத்தில் பிடிவாதமாக நின்று கடைசியில் ஒரு படி இறங்கும்போது பாட்டு மொத்தமும் இறங்குகிறது. அவசரமே இல்லை, ஆனால் எங்கும் ஒரு நொடி வீணாகவில்லை. இந்த ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் இங்கிலாந்தின் வயர் என்ற பேண்டின் 'பிங்க் ஃப்ளாக்' ஆல்பம் ஞாபகம் வரும். 1977, அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், 21 பாட்டு. சொல்ல வேண்டியது முடிந்ததா, நிறுத்து.

வயர் என்றதும் ஒரு கிளைக்கதை. தங்கள் பாட்டு ஒன்று வயரின் ஒரு கித்தார் வரியை ஒட்டி இருந்ததால் வழக்கு வரை போய்ப் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்ட எலாஸ்டிகா என்ற பேண்டின் 2000-ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்தவர் நம் மாயா அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ. அந்தச் சுற்றுப்பயணத்தில் கேமராவோடு போனவருக்கு மேடையில் தனி ஆளாக, தாளமும் இசையும் எழுப்பும் ஒரு மின்னணுப் பெட்டியை வைத்துக்கொண்டு பாடிய பீச்சஸ் என்ற பாடகி அறிமுகமாக, ரோலண்டு எம்சி-505 என்ற அந்தப் பெட்டியிலேயே தன் முதல் பாட்டுகளைச் செய்துபார்த்தார். போஸ்ட் பங்கின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு ஈழத்துத் தமிழ்ப் பெண்ணிடம் போய் நிற்கிறோம்.

இனி காசு. ஏழு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான் நன்றாக நிற்கும். பாட்டு அதைவிடச் சின்னதாக இருந்தால் பள்ளத்தை அகலமாக வெட்டலாம், சத்தம் கூடும். ஒன்றரை நிமிடப் பாட்டுக்கு அப்படியும் ஒரு லாபம். ஆனால் தட்டு போடுவதே இடையில் பெரும்பாடாகிவிட்டது. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பானிங் ஊரில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. மூலத்தட்டு வெட்டத் தேவையான லாக்கர் வட்டுகளை உலகத்தில் செய்துகொண்டிருந்த இரண்டே ஆலைகளில் ஒன்று அது. மற்றது ஜப்பானில். பின்னாலேயே கொரோனா. வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் வினைல் வாங்க ஆரம்பிக்க, பெரிய கம்பெனிகள் வரிசையில் முன்னால் வந்து நின்றன. பாடகி அடெலின் 2021 ஆல்பத்துக்கு மட்டும் ஐந்து லட்சம் தட்டு என்று அப்போது செய்தி வந்தது. முந்நூறு பிரதிக்கு ஆர்டர் கொடுத்த சின்ன லேபிள் மாதக்கணக்கில் காத்திருந்தது. பலர் கேசட்டுக்குப் போனார்கள். கேசட் ரசனையாகத் தெரிகிறது, பல நேரம் கேசட் என்றால் அடுத்த வாரமே கையில் கிடைக்கும் என்பதுதான் காரணம். இத்தாலியின் டெராமோவில் இருந்து குட்பை பூஸி மாதிரியான லேபிள்கள் இன்னும் விடாமல் ஏழு அங்குலமாகவே போடுகின்றன. அவர்கள் சம்பாதிக்கிறார்களா என்று கேட்டு நான் யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

ஸ்ட்ரீமிங்கில் ஒன்றும் தேறாது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறையாவது ஓடவில்லை என்றால் ஒரு பைசா கிடையாது. இந்த வகைப் பாட்டில் பாதி அந்த வாசலையே மிதிக்காது. மிச்சம் இருப்பது, பேண்டுகள் நேரடியாக ரசிகர்களுக்கு விற்கிற இணையதளமான பேண்ட்கேம்ப். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடும். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கும். 2022-இல் எபிக் கேம்ஸ் அதை வாங்கி, 2023-இல் சாங்டிரேடருக்கு விற்று, ஊழியர்களில் பாதிப்பேர் வேலை இழந்தபோது இந்த வட்டாரமே பதறியது. நாங்கள் இங்கிருந்து தட்டு வாங்க நினைத்தால் தட்டின் விலையைவிட தபால் செலவு அதிகம், அதன்மேல் சுங்கம். ஆகவே கோப்புகளாக வாங்கி, பிடித்த பேண்டுக்குக் கேட்ட விலையைவிடக் கொஞ்சம் கூடப் போட்டு அனுப்பிவிடுவேன்.

மினியாபொலிஸின் யுரேனியம் கிளப் என்ற பேண்டைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விட முடியாது. 2024-இல் வந்த 'இன்ஃபன்ட்ஸ் அண்டர் தி பல்ப்' ஆல்பத்தில் காற்று வாத்தியம் எல்லாம் சேர்த்துக்கொண்டார்கள், நடுவில் ஒரு கதையைத் துண்டு துண்டாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். கித்தார்கள் இரண்டும் வாய்ச்சண்டை போடுகிற மாதிரி வாசிக்கின்றன. இரண்டாவது தடவை கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

கடைசியாக நாஷ்வில்லின் ஸ்னூப்பர் என்ற பேண்ட். பிளேர் டிரமெல், கானர் கம்மின்ஸ் இருவரும் வீட்டில் பதிந்த சின்னச் சின்ன வெளியீடுகளில் இருந்து வந்தவர்கள். பிளேர் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். மேடையில் காகிதக்கூழ் பொம்மைகள் ஆளுயரத்துக்கு ஆடும். 2023-இல் தேர்ட் மேன் என்ற லேபிள் வெளியிட்ட 'சூப்பர் ஸ்னூப்பர்' இருபத்துச் சொச்சம் நிமிடத்தில் 14 பாட்டு, அதில் கடைசிப் பாட்டு 'ரன்னிங்' மட்டுமே ஐந்து நிமிடத்துக்கு மேல். மற்றதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம். 2025-இல் இரண்டாவது ஆல்பம் 'வேர்ல்ட்வைடு' வந்தது, இந்த முறை ஜான் காங்கிள்டன் மாதிரி ஒரு பெரிய தயாரிப்பாளரோடு. வீட்டுக் கேசட்டில் வளர்ந்த பேண்ட் நல்ல ஸ்டூடியோவுக்குள் போனால் என்ன ஆகும் என்று பயந்துதான் போட்டேன். டிரம்ஸ் முன்னைவிட மூன்று மடங்கு கனம், மெஷின் தாளமும் கைத்தாளமும் சேர்ந்து ஓடுகின்றன, குரல் முதல்முறையாக வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. பாட்டுகள் நீளவில்லை, அது பெரிய நிம்மதி. ஆனால் சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சத்தம் ஏற்றியிருக்கிறார்கள். நான்கே டிராக் இருந்திருந்தால் அதில் மூன்றையாவது தூக்கி எறிந்திருப்பார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், எனக்கு இன்னும் முதலாவதுதான். எதுவாக இருந்தாலும் 'ரன்னிங்' பாட்டைத் தவறவிடாதீர்கள், ஹெட்போனில் இல்லாமல் ஸ்பீக்கரில், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போன நேரமாகப் பார்த்து.